கோடை வெயிலில் கருப்பநீரும் கள்ளும்

யாழ்ப்பாணம், வன்னி, மன்னார்ப் பகுதிகளில் பனையை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கோடைதான் உழைப்புக் காலம். மரமேறிப் பாளை சீவுவது ஆண்களின் தொழில். முட்டி நிலத்துக்கு வந்த பின்னர் வடிப்பது, காய்ச்சுவது, குட்டானில் ஊற்றுவது, முட்டி கழுவுவது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் கைகளிலேயே நடக்கின்றன. எனினும் இவை தொழிலாகக் கணிக்கப்படுவதில்லை. வீட்டு வேலை என்றே சொல்லப்படுகின்றன. உண்மையில் அன்றைய கருப்பநீர் பணமாகுமா, பாழாகுமா என்பது இந்தச் சில மணிநேர வேலையிலேயே தங்கியுள்ளது.

வெயில் என்ன செய்கிறது?

பனஞ்சாற்றில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 12 கிராம் சீனி உண்டு. பாளையிலும் பழைய முட்டியிலும் இருக்கும் மதுவம் என்னும் நுண்ணுயிர் இந்தச் சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் அதற்கு மிகவும் வாய்ப்பானது. சித்திரை, வைகாசி மாதங்களில் எமது பகுதிகளில் பகல் வெப்பம் இதனைத் தாண்டிவிடும். சாறு விரைவில் நுரைத்துக் கள்ளாவதற்கும், மேலும் வைத்திருந்தால் வினாகிரிபோலப் புளிப்பதற்கும் இதுவே காரணமாகும்.

கருப்பநீர் கெடாதிருக்க

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது எமது முன்னோர் கண்ட வழி. சுண்ணாம்பின் காரத்தன்மை மதுவத்தின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. ஆனால் கூடினால் பனங்கட்டியின் நிறமும் சுவையும் கெடும். ஆகவே மெல்லியதாகத் தடவி, சாற்றைத் தெளியவிட்டு, துப்புரவான துணியில் வடிக்க வேண்டும்.

கள்ளு எடுத்த முட்டியைக் கருப்பநீருக்குப் பாவிக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் முட்டியைக் கழுவி, நெருப்பில் வாட்டி அல்லது நன்றாக வெயிலில் காயவைத்து எடுப்பது அவசியம். இறக்கிய சாற்றை நிழலில் வைத்துத் தாமதமின்றிக் காய்ச்ச வேண்டும். புளித்த சாற்றில் சீனி குறைந்துவிடுவதால் எவ்வளவு விறகு எரித்தாலும் பதம் வராது. ஒரு கிலோ பனங்கட்டிக்கு ஏறத்தாழ 8 லீற்றர் நல்ல சாறு வேண்டியிருப்பதால், இந்த நட்டம் சிறியதல்ல.

போத்தலில் அடைப்பவர்கள் கவனத்திற்கு

கள்ளைப் போத்தலில் நிரப்பி இறுக மூடி வைப்பது ஆபத்தானது. உள்ளே வாயு தொடர்ந்து உண்டாவதால் கண்ணாடிப் போத்தல் வெடித்து, கண்ணுக்கும் கைக்கும் காயம் ஏற்படலாம். குளிர்சாதனப் பெட்டி நொதித்தலை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. தொழிற்சாலைகளில் அடைக்கப்படும் போத்தல்கள் குறித்த வெப்பநிலையில் சூடாக்கப்பட்டு மதுவம் அழிக்கப்படுவதாலேயே பல நாள் இருக்கின்றன. மேலும், விற்பனைக்காகக் கள்ளு இறக்குவதற்கு மதுவரி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

காலையில் மீந்த கருப்பநீரை, இனிப்புத்தானே என்று மாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இனிப்பு மிச்சம் இருந்தாலும் அதில் மதுசாரம் உண்டாகியிருக்கலாம். நுரை, புளி வாசம், நாவில் சுறுசுறுப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளுக்கோ கர்ப்பிணித் தாய்மாருக்கோ கொடுக்க வேண்டாம். புதிதாக இறக்கியதை உடனே காய்ச்சி, பச்சை மாங்காய்த் துண்டு சேர்த்துக் கொடுப்பதே நல்லது.

கணக்கும் வேண்டும்

1978 ஆம் ஆண்டு பனை அபிவிருத்திச் சபை உருவாக்கப்பட்டது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும், ஊர்களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. உற்பத்தி பற்றிய ஆலோசனை பெற அங்கே செல்லும்போது பெண்களும் சேர்ந்து செல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு கொப்பியில், எத்தனை லீற்றர் வந்தது, எவ்வளவு புளித்தது, விறகுச் செலவு என்ன, எத்தனை மணிநேரம் அடுப்படியில் நின்றீர்கள் என்பவற்றை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். பனங்கட்டிக்கு விலை பேசும்போது அந்த மணித்தியாலங்களையும் சேர்த்துப் பேசுங்கள். கணவனும் பிள்ளைகளும் அக்கொப்பியைப் பார்க்கட்டும். உழைப்பு இருவருடையது என்றால் வருமானத்தைப் பற்றிய முடிவும் இருவருடையதாக இருக்க வேண்டும்.