முன்பனிக் காலையில் கோடிக்கரை

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், மார்கழி, தை ஆகிய இரு திங்களையும் முன்பனிக் காலம் என்றனர். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை ஓய்ந்து, வானம் தெளிந்து நிற்கும் காலம் இது. குளங்கள் நிறைந்திருக்கும், வரப்புகளில் புல் அடர்ந்திருக்கும், விடியற்காலையில் பனி இறங்கும். நம் நாட்டில் நெடுந்தொலைவு நடப்பதற்கு இதைவிட ஏற்ற காலம் வேறில்லை. சித்திரை வெயிலில் தெருக்கோடி வரை செல்லத் தயங்கும் கால்கள், இப்போது ஊரெல்லையையும் தாண்டிச் செல்ல விரும்புகின்றன.

அதிகச் செலவில்லாத மூன்று இன்பங்கள் இக்காலத்தில் நமக்கு எளிதிற் கிட்டுகின்றன. காலை நடை ஒன்று. பறவைகளையும் விலங்குகளையும் கண்டு மகிழ்வது மற்றொன்று. நீண்ட இரவில் விளக்கருகே அமர்ந்து ஒரு சரித்திர நாவலைப் படிப்பது மூன்றாவது. இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை எனத் தோன்றலாம். ஆயினும், மூன்றும் ஒன்றுகூடும் இடம் ஒன்று நமது கடற்கரையிலேயே உள்ளது. அதுவே கோடியக்கரை.

ஆண்டிறுதி விடுமுறையில் வேளாங்கண்ணிக்குச் செல்லும் குடும்பங்கள் பல. அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சென்றால் கோடியக்கரையை அடையலாம். எனினும், திருத்தலத்தோடு திரும்பிவிடுவோரே மிகுதி. அவர்கள் அறியாமல் விட்டுச் செல்வது என்ன என்பதையே இங்கு எழுத விழைகிறோம்.

நிலம் திரும்பும் இடம்

வேதாரணியத்தைக் கடந்ததும் சாலையோரத்தில் உப்பளங்கள் தொடங்குகின்றன. 1930-ஆம் ஆண்டில் இராஜாஜி தம் தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்புச் சட்டத்தை மீறியது இப்பகுதியில்தான். உப்பளங்களுக்கு அப்பால் காடும், புல்வெளியும், சேற்று நிலமும் அடுத்தடுத்து வருகின்றன. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழ நாட்டுக் கடற்கரை, இம்முனையில் மேற்கு நோக்கித் திரும்பிவிடுகிறது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக்கு நீரிணை. அதற்கும் அப்பால் இலங்கை. இந்த நிலப்பகுதி 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இங்கே நடப்பவர் விரைந்து நடத்தல் கூடாது. பேச்சுக் குரல் ஓங்கினாலோ, காலடி அதிர்ந்தாலோ, காண வந்தவை கண்ணில் படாமல் மறைந்துவிடும். எனவே நடையே நமக்கு அமைதியைக் கற்பிக்கிறது. இளம் வெயில் பட்டுப் பனி விலகும்போது, புல்வெளியில் அசையாதிருந்த பழுப்பு நிறப் புள்ளிகள் சில தலை நிமிர்கின்றன. அவையே வெளிமான்கள்.

வெளிமானும் உள்ளானும்

ஆண் மானுக்கு முறுக்கிய நீண்ட கொம்புகள் உண்டு. வயது ஏற ஏற அதன் முதுகு கருமை கொள்ளும். வயிறு மட்டும் தூய வெண்மையாக இருக்கும். பெண் மானுக்குக் கொம்பில்லை. நிறம் இளம் பழுப்பு. அடர்ந்த காட்டில் ஒளிந்து உயிர் பிழைக்கும் இனமன்று இது. தொலைவிலேயே பகையைக் கண்டு, காற்றாய்ப் பறந்து தப்பிக்கும் இனம். அதற்குத் திறந்த வெளி வேண்டும். வெளிமான் என்னும் பெயரே அதன் வாழ்க்கை முறையைக் கூறிவிடுகிறது.

சேற்று நிலத்தின் பக்கம் சென்றால் காட்சி மாறுகிறது. பூநாரைகள் நீண்ட கால்களுடன் ஆழமற்ற நீரில் வரிசையாக நிற்கின்றன. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரைச் சலித்து, நுண்ணுயிர்களை மட்டும் உண்ணும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வந்ததன்று. உண்ணும் உணவிலிருந்து வருவது. குஞ்சுப் பருவத்தில் அவை சாம்பல் நிறமாகவே இருக்கும்.

பூநாரையைக் கண்டு வியப்பவர்கள், அதன் காலடியில் ஓடித் திரியும் உள்ளானைக் கவனிப்பதில்லை. கொசு உள்ளான் என்று வழங்கும் சிறு பறவையின் எடை 20 முதல் 30 கிராம்தான். ஓர் எலுமிச்சம் பழத்தின் எடைகூட இராது. சைபீரியாவின் வடகோடியில் பனி மூடத் தொடங்கும்போது புறப்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, இந்தச் சேற்றை நாடி அது வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் 1980-களில் பல ஆண்டுகள் இங்கே தங்கி, பறவைகளின் கால்களில் சிறு வளையங்கள் பூட்டி, அவற்றின் பயண வழிகளை ஆராய்ந்தனர். நாம் வெறுஞ்சேறு என்று ஒதுக்கும் நிலம், அச்சிறு உயிருக்கு நெடும் பயணத்தின் முடிவில் கிட்டும் உணவுக்கூடம்.

வாரந்தோறும் வந்த கதை

இனி மூன்றாவது இன்பம். பேராசிரியர் கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்குக் கோடிக்கரை புதிய ஊரன்று. அதன் இரண்டாம் பாகம் இக்கடலோரத்தில்தான் தொடங்குகிறது. கலங்கரை விளக்கத்துக் காவலரின் மகள் பூங்குழலி படகு செலுத்துவதும், அவளைப் பின்தொடர்ந்த வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்குவதும், அவளே அவனைக் கரையேற்றுவதும் இங்கேதான். பூங்குழலி கற்பனைப் பாத்திரம். வந்தியத்தேவன் கல்வெட்டில் பெயர் பெற்றவன். அருள்மொழிவர்மனோ 985-இல் அரியணை ஏறிய இராஜராஜ சோழன். கற்பனையும் வரலாறும் இவ்வாறு கலந்து நடக்கும் கதைக்கு, சேறும் காடும் கடலும் உண்மையான களமாக அமைந்துள்ளன.

இந்நாவல் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்தது. இதழ் வீடு வந்ததும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட குடும்பங்கள் அந்நாளில் பல. பிறகு அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருத்தலும் இன்பத்தின் ஒரு பகுதியே. 2022, 2023 ஆண்டுகளில் இக்கதை இரு பாகங்களாகத் திரைப்படமாகி, சில மணி நேரத்தில் முடிந்தது. படம் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பத்தை ஒரே விளக்கின் கீழ் அமர்த்தியது நாவல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்முடன் கோடியக்கரைக்கு வந்த சிறுவன் ஒருவன், சேற்று நிலத்தைக் கண்டதும், "பூங்குழலி ஓடிய வழி இதுதானா, சாமி?" என்று கேட்டான். அவனுடைய பாட்டி இரவுதோறும் அவனுக்கு அந்நூலைப் படித்துக் காட்டியிருந்தார். உடன் வந்த பிள்ளைகள் சேற்றைக் கண்டு முகம் சுளித்தபோது, அவன் மட்டும் நின்று உற்றுப் பார்த்தான். அவ்வாறு நின்றதால், அவன்தான் முதலில் உள்ளான்களையும் கண்டான்.

நூல் காத்ததும், காக்க இயலாததும்

இங்கே சற்றுச் சிந்திக்க வேண்டும். சோழர் காலத்தது என்று மக்கள் போற்றிய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் சிதைந்துபோயிற்று. 2018 நவம்பர் 16-இல் வேதாரணியத்தை அடுத்துக் கரையைக் கடந்த கஜா புயலில் கோடியக்காட்டின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கல்லாலான விளக்கம் அழிந்தாலும், கல்கியின் ஏடுகளில் அது இன்னும் ஒளிவிடுகிறது. நூல் அதைக் காத்துவிட்டது.

ஆனால் வெளிமானை எந்த நூலும் காக்க இயலாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல் மரம் இப்புல்வெளிகளில் புகுந்துவிட்டது. அதன் நெற்றுகளை உண்ணும் கால்நடைகளும், இங்கே காட்டில் திரியும் குதிரைகளும் விதைகளை எங்கும் பரப்புகின்றன. வனத்துறையினர் வெட்டி அகற்றினாலும் அது மீண்டும் தழைக்கிறது. முள்மரம் பரவப் பரவ, வெளி சுருங்குகிறது; வெளி சுருங்கினால் வெளிமான் எங்கே ஓடும்? பார்ப்பவருக்கோ அந்நிலம் முன்னினும் பசுமையாகத் தோன்றும்! பச்சை கூடியிருப்பதைக் கண்டு மகிழ்ந்து திரும்புவோர், அங்கே ஓர் இனம் இடமிழந்து வருவதை அறியார்.

அதை அறிவதற்கு அந்த நிலத்தோடு பழக்கம் வேண்டும். மெல்ல நடந்து, உற்றுப் பார்த்து, பொறுமையாகப் படித்துப் பழகிய ஒருவருக்கே, சென்ற ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இல்லை என்பது தெரியும். இல்லாமற்போனதை உணராத மக்கள், எதையும் காக்க முன்வர மாட்டார்கள். சிறு இன்பங்கள் என்று நாம் எளிதாகக் கூறும் இம்மூன்றும் நமக்கு அளிக்கும் பெருங்கொடை அந்தக் கண்பார்வையே.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பொன்னியின் செல்வனில் 293 அத்தியாயங்கள் உள்ளன. இரவு உணவுக்குப் பின் நாளுக்கு ஓர் அத்தியாயம் என உரக்கப் படித்தால், பத்துத் திங்களுக்குள் முடிந்துவிடும். இந்த முன்பனிக் காலத்தில் தொடங்கினால் அடுத்த முன்பனிக்கு முன்பே நிறைவேறும். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் முறை வைத்துப் படிக்கட்டும், முதியோர் கேட்கட்டும்.

அதன்பின் வரும் விடுமுறையில், வனத்துறையின் அனுமதி பெற்று, விடியுமுன் கோடியக்கரைக்குச் செல்லுங்கள். வானொலிப் பெட்டியும் கைப்பேசியும் வண்டியிலேயே இருக்கட்டும். நெகிழிப் பைகளை அங்கே விட்டு வராதீர்கள். இயலாதவர்கள் தத்தம் ஊர் ஏரிக்கரைக்கேனும் செல்லலாம். உள்ளான்கள் அங்கும் வந்திருக்கக்கூடும். பிள்ளைகள் கண்ட பறவைகளின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதச் சொல்லுங்கள். மறு ஆண்டும் அதே கரையில் நடந்து, அதே ஏட்டைப் பிரித்துப் பாருங்கள். எது வந்தது, எது வரவில்லை என்று உங்கள் பிள்ளைகளே உங்களுக்குக் கூறுவார்கள்.