ஒரே அதிர்வெண், பல கற்றைகள்

2018ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட் நம் நாட்டின் ஜிசாட்-11 செயற்கைக் கோளைச் சுமந்து சென்றது. எடை 5,854 கிலோகிராம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அதுவரை உருவாக்கிய கோள்களுள் இதுவே மிகக் கனமானது. ஆனால் இதன் சிறப்பு எடையில் இல்லை. நொடிக்கு 16 கிகாபிட், அதாவது 1,600 கோடி பிட் அளவு செய்தியை இது கையாளும். இது எவ்வாறு இயன்றது?

செயற்கைக் கோள்களுக்கென ஒதுக்கப்பட்ட அதிர்வெண் பட்டைகள் ஓர் அளவுக்கு உட்பட்டவை. ஒரு பட்டையில் அனுப்பக்கூடிய செய்திக்கும் எல்லை உண்டு. ஆகவே அதே அதிர்வெண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

எங்கள் தளவாய்புரம் போன்ற ஓர் ஊரில் திருவிழா என்று வைத்துக்கொள்வோம். கோயில் கோபுரத்தில் பெரிய குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினால் ஊர் முழுவதும் கேட்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுத்தான். அதை இறக்கிவிட்டுத் தெருவுக்கு ஒரு சிறு பெட்டி வைத்தால், மேலத் தெருவில் நாதசுரமும் கீழத் தெருவில் பட்டிமன்றமும் ஒரே வேளையில் நடக்கலாம். அடுத்த தெருக்காரர் சண்டைக்கு வருவாரே என்கிறீர்களா? அதற்கும் வழியுண்டு.

பழைய இன்சாட் கோளின் அலைக்கற்றை நாடு முழுவதையும் ஒரே போர்வையாய் மூடியது. தொலைக்காட்சிக்கு அது பொருந்தும். எல்லாருக்கும் ஒரே காட்சிதானே! இணையத்திலோ ஒவ்வொருவர் கேட்பதும் வேறு. எனவே ஜிசாட்-11 நாட்டை 32 சிறு கற்றைகளாகப் பங்கிட்டுக்கொண்டது. அடுத்தடுத்த கற்றைகள் ஒன்றோடொன்று குழம்பாதபடி வெவ்வேறு அதிர்வெண்ணைப் பெறும். சற்றுத் தள்ளியுள்ள கற்றைக்கு மீண்டும் முதல் அதிர்வெண்ணே வரும். தேசப்படத்தில் அண்டை மாநிலங்களுக்கு ஒரே வண்ணம் வராமல் நான்கே வண்ணங்களால் தீட்டுகிறோம் அல்லவா, அதே உபாயந்தான்.

கற்றையைக் குறுக்குவது எப்படி? அலைநீளத்தை ஆண்டெனாவின் விட்டத்தால் வகுத்து 70ஆல் பெருக்கினால், கற்றையின் விரிகோணம் ஏறத்தாழப் பாகையில் கிடைக்கும். விட்டம் 2.5 மீட்டர் என்க. 4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7.5 செ.மீ.; கோணம் 2.1 பாகை. 36,000 கி.மீ. கீழே தரையில் அது சுமார் 1,300 கி.மீ. அகலமுள்ள வட்டமாகும். 20 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 1.5 செ.மீ. மட்டுமே, வட்டமும் 260 கி.மீட்டராகச் சுருங்கிவிடும். மதுரையும் கன்னியாகுமரியும் அதனுள் அடங்கும். ஆற்றலும் அங்கேயே குவிவதால் வீட்டுக் கூரையில் சிறு கிண்ணம் போதும்.

ஜிசாட்-11க்கு ஒதுக்கப்பட்ட இடம் 74 பாகை கிழக்கு நெடுவரை. தளவாய்புரத்திலிருந்து அது தெற்கே, சற்று மேற்காக, அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 78 பாகை உயரத்தில் அமையும். கைப்பேசிக் கோபுரத்தின் அலைகளைத் தடுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, இந்த உயரத்தை எட்ட முடியாது.

இனி ஒரு கணக்கு. படம் பார்க்க ஒருவருக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்று கொண்டால், 16 கிகாபிட்டில் ஒரே நேரத்தில் 3,200 பேர் பார்க்கலாம். இந்தியா முழுவதற்கும் 3,200 பேர்! 2024 நவம்பர் 19 அன்று ஃபால்கன்-9 ராக்கெட்டில் சென்ற ஜிசாட்-என்2இன் திறன் 48 கிகாபிட். அப்போதும் 9,600 பேர்தாம். 2024 ஜனவரியில் தொடங்கப்பட்ட கொச்சி–லட்சத்தீவுக் கடலடி ஒளியிழையோ, அத்தீவுகளின் இணையத் திறனை 1.7 கிகாபிட்டிலிருந்து 200 கிகாபிட்டாக உயர்த்தும் என்று அரசு அறிவித்தது.

ஆகவே ஒளியிழை எட்டும் ஊருக்குச் செயற்கைக் கோள் இணையம் வீண் செலவு என்பேன். இழை எட்டாத மலைக் கிராமத்துக்கும், நடுக்கடலில் செல்லும் கப்பலுக்கும், பறக்கும் விமானத்துக்கும்தான் அது தேவை. ஜிசாட்-என்2இன் 32 கற்றைகளுள் குறுகிய எட்டும் வடகிழக்கு மாநிலங்களுக்கென அமைக்கப்பட்டது இக்காரணத்தால்தான்.

இரண்டு குறைகள் உண்டு. கேள்வி மேலே போய்க் கீழிறங்கி, விடையும் அவ்வாறே வந்து சேர 1,44,000 கி.மீ.; ஒளியின் வேகத்திலும் ஏறத்தாழ அரை நொடி ஆகும். மற்றது மழை. அலைநீளம் குறையக் குறைய மழைத்துளிகள் அலையை அதிகமாக உறிஞ்சிச் சிதறடிக்கும். ஐப்பசி அடைமழையில் அலை வலுவிழந்தால், இணைப்பு அறுந்துவிடாமல் இருக்கக் கருவிகள் தாமே செய்தியின் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.