கமான் பட்டையும் லாரிக்குப் பின்னால் உட்காருபவரும்

தோ பாயோ லோரோங் 8-இல் வைரவிமட காளியம்மன் கோயில் இருக்கும் பக்கமே வண்டிப் பட்டறைகளும் இருக்கின்றன. பிக்கப், சிறு லாரி ஓட்டுபவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு: “பின்னாடி கொஞ்சம் ஆடுது, அப்புறம் பார்த்துக்கலாம்.” அந்தப் பின்பக்கத்தில் சிமெண்டு மூட்டை மட்டும் போவதில்லை. சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் ஊழியர்களை லாரித் தளத்தில் ஏற்றிச்செல்லச் சட்டம் இன்னும் இடம் தருகிறது. அவர்களுக்கு இருக்கை வார் கிடையாது. 2021 ஏப்ரல் 20 அன்று தீவு விரைவுச்சாலையில் நின்றிருந்த டிப்பர் லாரிமீது ஊழியர்களை ஏற்றிவந்த லாரி மோதியதில் இருவர் இறந்தார்கள். அந்த விபத்தைச் சஸ்பென்ஷன் கோளாற்றோடு நான் முடிச்சுப் போடவில்லை. தளத்தில் இருப்பவருக்கு வண்டியின் நிலை முக்கியமான பாதுகாப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊர்ச் சாலைகள் வழவழப்பானவை. அதனாலேயே கோளாறு ஒளிந்துகொள்கிறது. விரைவுச்சாலையில் சத்தமில்லாமல் ஓடும் வண்டி, வீவக கார் நிறுத்துமிடத்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டக்’ என்று அடிக்கும். அதை முதலில் உணர்பவர் பின் அச்சுக்கு மேலே உட்கார்ந்திருப்பவர். “அண்ணே, இடது பக்கம் இடிக்குது” என்று ஒருவர் சொன்னால் அதைச் சலிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சமதரையில், சுமை இல்லாமல் வண்டியை நிறுத்துங்கள். சக்கர வளைவிலிருந்து தரைவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், அச்சின்மேல் சுமையைத் தாங்கும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தொய்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பட்டைகளைப் பாருங்கள்: குறுக்கே துருநிறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல். பெரும்பாலும் நடுத்துளைக்குப் பக்கத்திலோ, பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் இறுக்கும் விளிம்பிலோதான் விரிசல் விடும். யூ போல்ட் தளர்ந்தால் பட்டை நகர்ந்து, நடுத்துளை வழியே போகும் சென்டர் போல்ட்டை அறுத்துவிடும்; பிறகு அச்சே இடம் மாறி வண்டி நண்டுபோல் கோணலாக ஓடும். இந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஆளை ஏற்றக் கூடாது.

ஷாக் அப்சார்பரில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் மாற்ற வேண்டும், அதுவும் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து. காரை அழுத்தி ஆட்டிப் பார்ப்பதுபோல் லாரியில் பார்த்துப் பயனில்லை, ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கம். டயர்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக்கைச் சந்தேகிக்கலாம். முன்பக்கம் திருப்பும்போது ‘கடக்’ என்றால் பால் ஜாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

பட்டறையில் பலரும் கேட்டு வாங்கிக்கொள்ளும் வைத்தியம் ஒன்று: “கூட ரெண்டு பட்டை போடுங்க.” இது ஆபத்தானது. பட்டை கூடுவதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடாது. அச்சு, பிரேக், டயர் எல்லாம் பழையவைதான். அதோடு, பல பிக்கப்களில் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டும் வால்வு ஒன்று இருக்கிறது. பட்டையை இறுக்கிவிட்டால் முழுச் சுமையிலும் பின்பக்கம் தாழாது. சுமை இல்லை என்று கணக்கிட்டு வால்வு பின் பிரேக்கைக் குறைத்தே வைக்கும். தொய்வின் காரணம் அதிகச் சுமை என்றால், குறைக்க வேண்டியது சுமையை. பட்டையைக் கழற்றி மாற்றும்போது பழைய யூ போல்ட்டை மறுபடி மாட்டவிடாதீர்கள். புதியதைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

சரக்கு வாகனங்களுக்குப் பத்து ஆண்டுவரை ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. சோதனையில் தேறியது அன்றைய நிலைக்கான சான்று மட்டுமே. பழுதான வண்டியைச் சாலையில் ஓட்டினால் உரிமையாளரோடு ஓட்டுநரும் பொறுப்பேற்க நேரும். ஆகவே ஓட்டுநர்களே, குறையை வாய்ப்பேச்சாக விடாமல் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பிவையுங்கள்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் குறையை நல்லெண்ணத்தோடு அதிகாரிகளிடம் சொன்னதற்காக ஊழியரை வேலைநீக்கம் செய்யவோ அப்படி மிரட்டவோ முதலாளிக்கு உரிமை இல்லை. மனிதவள அமைச்சிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பட்டறை வேலை சரியில்லை என்றால்? முன்கூட்டியே எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், ரசீதில் பாகத்தின் பெயரும் ஓடிய கிலோமீட்டரும் இருக்கட்டும். இவை கையில் இருந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளிவரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளிவரை கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கிடையாது. பழைய வண்டி வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் 2012-இல் வந்த ‘லெமன் சட்டம்’ தனிநபர் வாங்குபவருக்குக் கைகொடுக்கும்; முழுக்கத் தொழிலுக்கென்றே வாங்கிய லாரிக்கு அது பொருந்தாது.

முதலாளி ஏற்பாடு செய்த லாரியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால், அது வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வரும். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அன்றே மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்; கோரிக்கையை விபத்து நடந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.