வேலியிழந்த காந்தள்

புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை இறங்கும் நாட்களில் தாராபுரத்திலிருந்து மூலனூர் பக்கமாகப் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். கம்பி கட்டிய வரிசைகளில் ஏக்கர் கணக்கில் செங்காந்தள் பூத்து நிற்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஒவ்வொரு இதழும் நெளிந்து மேல்நோக்கி மடிந்து, தீ நாக்குகளைக் கொத்தாகக் கட்டி வைத்தது போல. காலை வெயில் ஏறும் முன் பெண்கள் வரிசையில் இறங்கி, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைத்துக்கொண்டே போவார்கள். பூவுக்குப் பூ கை படாமல் அங்கே காய் சரியாகப் பிடிப்பதில்லை.

இவ்வளவு பூவைப் பார்த்துவிட்டு, இந்தச் செடி குறைந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தோட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். பழைய வண்டித்தடத்தில் ஒரு மைல் நடங்கள். வேலியோரத்தில், புதரில், ஓடைக்கரையில் தானாக முளைத்த ஒரு காந்தள் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். நான் சின்ன வயதில் பார்த்த இடங்களிலெல்லாம் இப்போது தேடிப் பார்த்துவிட்டேன். பெரும்பாலான இடங்களில் செடியும் இல்லை, அது ஏறி நின்ற வேலியும் இல்லை.

என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் காட்டைச் சுற்றி முள்கிளுவை வேலி இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போகும்போது அந்த வேலிக்குள்ளிருந்து இந்தப் பூ எட்டிப் பார்க்கும். பக்கத்தில் போகக் கூடாது, உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று அம்மிச்சி மிரட்டுவார். கண்வலிக் கிழங்கு என்ற பெயரே அங்கிருந்து வந்தது என்பார்கள். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு, கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. ஈழத்திலும் கார்த்திகைப் பூதான். ஒரு செடிக்கு ஊர் இத்தனை பெயர் வைத்திருக்கிறது என்றால், அது ஊரின் கண்முன்னால் வளர்ந்தது என்று பொருள். அம்மிச்சியின் மிரட்டல் வெறும் மூடநம்பிக்கை இல்லை என்று பிறகுதான் புரிந்தது. கிழங்கு, தண்டு, இலை, விதை எல்லாமே விஷம். குழந்தைகளையும் காப்பாற்றி, செடியையும் பறிக்கவிடாமல் காத்த ஒரு சொல் அது.

காந்தளுக்கு வேலி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அதன் இலையைப் பார்த்தால் விளங்கும். பாகலுக்கும் பீர்க்கனுக்கும் இருப்பது போல இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, எதிர்ப்படும் குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. தலைச்சுருளி என்றொரு பெயரும் அதனால்தான். அந்தச் சின்னச் சுருளால் தடித்த மரத்தையோ கல்தூணையோ பிடிக்க முடியாது. மெல்லிய மிலாறு வேண்டும். முள்கிளுவையும் விராலியும் நெருங்கி வளர்ந்த உயிர்வேலி அதற்கென்றே செய்த பந்தல் மாதிரி. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் அங்கே பத்திரம். காட்டுக்குள் ஏர் ஓடும், வேலியடியில் ஓடாது.

கரூர், திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்கள் சந்திக்கிற வறண்ட பூமியில் கொறங்காடு என்று ஒரு மேய்ச்சல் நில முறை உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த நிலத்தைச் சுற்றி முள்கிளுவைப் போத்துகளை நட்டு வேலியாக்கி, உள்ளே காங்கயம் மாடுகளை மேயவிடுவார்கள். அந்த வேலி எத்தனையோ கொடிகளுக்கு வீடு. கொறங்காடு வீட்டுமனையாகவும் காற்றாலை நிலமாகவும் மாறி, மிஞ்சிய இடத்தில் கம்பிவேலி வந்தபோது காந்தளும் போனது. இதில் இன்னொரு கொடுமை உண்டு. கோடையில் செடி தரைக்கு மேலே முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். பங்குனியில் ஜேசிபி வந்து வேலியைப் பிடுங்கும்போது, அதன் அடியில் கிழங்கு உறங்குவது ஓட்டுபவருக்கும் தெரியாது, நிலத்துக்காரருக்கும் தெரியாது. யாரும் வெட்டாமலே ஒரு செடி ஊரை விட்டுப் போவது இப்படித்தான்.

வெட்டியதும் உண்டு. பல காலமாகக் காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் கிழங்கைத் தோண்டி மருந்துக்கடைக்கு விற்றிருக்கிறார்கள். விதையைப் பறித்தால் செடி பிழைக்கும், கிழங்கைத் தோண்டினால் அந்த இடமே காலி. காந்தளில் உள்ள மருந்துச் சரக்கின் பெயர் கோல்சிசின். பிரான்சின் பெல்லெட்டியேவும் கவந்துவும் 1820இல் ஐரோப்பாவின் கோல்சிகம் செடியிலிருந்து முதலில் பிரித்தெடுத்தது. அந்தச் செடியும் நம் காந்தளும் ஒரே குடும்பம். கீல்வாதத்துக்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்து இது. செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் இழைகள் உருவாவதைக் கோல்சிசின் தடுத்துவிடும். அதனால் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிக்கும் என்று 1937இல் தெரியவந்தபோது பயிர் ஆராய்ச்சியே புதுத்திசையில் திரும்பியது. ஜப்பானின் கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கியது இந்தச் சரக்கை வைத்துத்தான். காந்தளில் கிழங்கைவிட விதையில் இது அதிகம். ஆகவே வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்கு விதை வேண்டியிருந்தது. மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, ஜெயங்கொண்டம், வேதாரண்யம் என்று சாகுபடி பரவியது அதன் பிறகு.

சாகுபடி வந்தது நல்லதுதான். விதைக்காகக் காட்டுக்குப் போகும் கைகள் குறைந்தன. ஆனால் அதை வைத்துச் செடி காப்பாற்றப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த எண்ணத்தை மறுக்கத்தான்.

தோட்டத்தில் நடுவது விதை இல்லை, கிழங்கு. கிழங்கின் கணக்கு எளிது. போன வருடத்துக் கிழங்கு சுருங்கிப்போய், இரண்டு கையுள்ள ஒரு புதுக் கிழங்கு அதன் இடத்தில் உருவாகும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை. எடுக்கும்போது அந்த நுனி உடைந்தால் அந்தக் கை முளைக்காது. ஒடித்துப் பிரித்தால் ஒன்று இரண்டாகும், எல்லாம் சரியாக நடந்தால். அழுகல் நோய் வந்த வருடம் இரண்டும் ஒன்றாகும், ஒன்றுமில்லாமலும் போகும். அதனால்தான் நடவுச் செலவில் பெரும்பங்கு கிழங்கு வாங்குவதற்கே போகிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் ஒன்றை வைத்து இத்தனை ஏக்கர் நட முதல் கிழங்கு எங்கிருந்து வந்திருக்கும்? வேலியிலிருந்தும் காட்டிலிருந்தும்தான். விலை ஏறிய வருடங்களில் புதிதாக நடுபவர்கள் கூடுவார்கள், கிழங்குக்குக் கிராக்கி கூடும், தோண்டும் கைகளும் கூடும். விலை விழுந்தால் தோட்டத்தை அழித்து வேறு பயிர் வைப்பார்கள். வேலியிலிருந்து போன கிழங்கு வேலிக்குத் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு கிழங்கை ஒடித்து ஒடித்துப் பெருக்கினால் எல்லாம் ஒரே செடியின் நகல்தான். காந்தளோ தன்னைத் தானே சூலாக்கிக்கொள்ள விரும்பாத பூ. அதன் சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி, தன் மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வேறு பூவின் மகரந்தத்தைக் கொண்டு வர வேண்டும் என்பதற்காகவே அந்த மடிப்பு. வயலில் பெண்கள் செய்வது இவற்றின் வேலையைத்தான். இப்படிக் கலந்து கலந்துதான் ஒவ்வொரு ஊர்க் காந்தளும் தனக்கென்று ஒரு குணத்தைச் சேர்த்து வைத்தது. இடத்துக்கு இடம் கோல்சிசின் அளவு மாறுகிறது. சில செடிகளில் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு. எது அழுகலைத் தாங்கும், எது வறட்சியைத் தாங்கும் என்று ஆராய்கிறவர் தேடி வர வேண்டிய களஞ்சியம் பழைய வேலிதான். அந்தக் களஞ்சியத்தைக் காலி செய்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு செய்தால், இருக்கிற நான்கு வகையைத்தான் ஆயிரமாக்க முடியும்.

ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிய செடி என்பதால் உலகக் கணக்கில் காந்தள் அழியும் பட்டியலில் இல்லை. ஜிம்பாப்வேக்கு அது தேசியப் பூ. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மணல்மேடுகளில், கொண்டுபோய் வளர்த்த இடத்திலிருந்து தப்பிக் களையாகப் பெருகியதால், அங்கே அதை அழிக்கப் பாடுபடுகிறார்கள். உலகத்தில் இருக்கிறதே என்று சொல்லி நம் ஊரில் இல்லாமல் போனதை மறந்துவிடுவது எளிது. வனத்துறை சார்பில் 1993 முதல் காடுகளில் மருத்துவத் தாவரங்களுக்கென்று பாதுகாப்புப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. அது பெரிய வேலை. ஆனால் வேலி காடு இல்லை. வேலிச் செடிக்கு எந்தச் சட்டமும் காவல் நிற்பதில்லை. இத்தனைக்கும் இது தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது காந்தளில்தான் தொடங்குகிறார். வேலன் வெறியாடும் துறைக்குத் தொல்காப்பியம் வைத்த பெயரே காந்தள். பாடநூலில் படம் போட்டுக் காட்டுகிறோம். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் செடியை மண்ணில் பார்த்திருப்பார்கள்?

விதையிலிருந்து வளர்ப்பதுதான் இதற்கு வழி. மெதுவான வழி. நானே செய்து பார்த்தேன். காய் வெடித்ததும் உள்ளே செம்பவழம் போல் விதைகள் இருக்கும். மேல்தோலைக் கழுவி நீக்கி, மணல் கலந்த செம்மண்ணில் ஆடி மாதம் ஊன்றினேன். வாரங்கள் போயின. ஒன்றும் வரவில்லை என்று தொட்டியைக் கவிழ்க்கப் போன சமயத்தில் ஒன்று முளைத்தது. பிறகு ஒரு மாத இடைவெளியில் இன்னும் சில. பாதிகூட முளைக்கவில்லை. முதல் வருடம் புல் போல ஒன்றிரண்டு இலை, அவ்வளவுதான். தையில் அது காய்ந்ததும் செத்துவிட்டது என்றே நினைத்தேன். தோண்டிப் பார்த்தபோது பட்டாணி அளவில் ஒரு கிழங்கு. கோடை முழுவதும் தண்ணீர் விடாமல் நிழலில் வைத்திருந்தேன். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் விட்டால் அழுகிவிடும். அடுத்த ஆடியில் மறுபடி முளைத்தது, கொஞ்சம் உயரமாக. இலை நுனி முதல்முறையாகச் சுருண்டு பக்கத்துச் செம்பருத்தியைப் பிடித்தது அந்த வருடம்தான். நான்காம் வருடம் பூத்தது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பாக வாடும் வரை அந்த ஒரு பூவைத் தினமும் போய்ப் பார்த்தேன்.

அந்த வருடமே கரும்புழு ஒன்றும் வந்து சேர்ந்தது. கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். மனிதனையும் மாட்டையும் கொல்லும் இலையை அது சாவதானமாகத் தின்று அந்துப்பூச்சியாகிறது. அதன் அறிவியல் பெயரிலேயே காந்தளின் பெயர் சேர்ந்திருக்கிறது: பாலிடெலா குளோரியோசே. வயல்காரருக்கு அது எதிரி, மருந்து அடிக்கத்தான் செய்வார். நான் இரண்டு மூன்றை விட்டுவைத்தேன். காந்தளை அண்டிப் பிழைக்கும் உயிர் அது. வேலியில் காந்தள் போன இடத்தில் அதுவும் குறைந்திருக்கலாம்.

விஷத்தைப் பற்றி இன்னொரு தடவை சொல்லாமல் முடிக்கக் கூடாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று இலங்கையிலும் இந்தியாவிலும் இறந்தவர்கள் உண்டு. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உறுப்புகள் செயலிழக்கும் வரை போகும். பிழைத்தவர்களுக்கும் சில வாரங்களில் தலைமுடி கொட்டும். சித்த மருத்துவம் சுத்தி செய்துதான் இதைத் தொடுகிறது. வீட்டு வைத்தியத்துக்கு ஒருநாளும் எடுக்காதீர்கள். தொட்டால் கை கழுவுங்கள். சின்னக் குழந்தையும் கட்டிய ஆடுமாடும் எட்டாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

காந்தள் பயிரிடும் விவசாயிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மூட்டை மூட்டையாக விதை கப்பலேறுகிறது. அதில் ஒரு கைப்பிடியை ஆடி மழைக்கு உங்கள் சொந்த வேலியடியில் தூவுங்கள். நான்கு வருடம் தோண்டாமல் விடுங்கள். கிழங்கு வாங்கும்போது தோட்டத்துக் கிழங்கா, காட்டில் தோண்டியதா என்று கேளுங்கள். காட்டுக் கிழங்கு என்றால் வாங்காதீர்கள். நிலம் வைத்திருக்கும் மற்றவர்கள் நான்கு பக்கமும் கம்பி போட்டாலும் ஒரு பக்கமாவது கிளுவை வேலியை விட்டுவையுங்கள். வேலியைக் கழிக்கத்தான் வேண்டுமென்றால் கோடையில் வேண்டாம். கார்த்திகை வரை பொறுத்து, கொடி எங்கே நிற்கிறது என்று பார்த்து அடையாளம் வைத்துவிட்டு, காய் வெடித்து விதை உதிர்ந்த பிறகு செய்யுங்கள்.