பாலில் ஒட்டாத புரதம், பலகையை ஒட்டுமா?

நேயர்களே, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் முதலில் ஒரு கேள்வி. ஸ்டோரில் ரப்பர் பாலை ஊற்றி ஆசிட் கலந்ததும் அது ஏன் உறைகிறது?

பாலில் பெரும்பகுதி தண்ணீர். மூன்றில் ஒரு பங்கு ரப்பர். புரதமோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் அந்தக் கொஞ்சப் புரதம்தான் ரப்பர் துகள்களைப் போர்த்திக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வைத்திருக்கிறது. ஆசிட் அதன் மின்னேற்றத்தைப் போக்கியதும் துகள்கள் சேர்ந்துகொள்கின்றன. லாபுவிலும் பகாவிலும் பால் வெட்டிய நம்மவர்கள் தாவரப் புரதத்தின் வேலையைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள்.

பாலில் துகள்களைப் பிரித்து வைக்கும் புரதத்தை, ஒட்டும் வேலைக்கும் பயன்படுத்தலாம். சுருண்ட நூல்கண்டு போலிருக்கும் புரதம், காரத்திலும் சூட்டிலும் பிரிந்து மர நாரைப் பற்றிக்கொள்ளும். 1920களில் அமெரிக்காவில் ஒட்டுப்பலகைகளைச் சோயா பசையால் ஒட்டினார்கள். உலகப் போருக்குப் பின் ஃபார்மால்டிஹைடு கலந்த மலிவான பசைகள் வந்து அதை ஓரங்கட்டிவிட்டன.

இன்று வயதான ரப்பர் மரத்தை வெட்டி, நாராக்கி, பலகையாக அழுத்துகிறார்கள். அதில் பெரும்பாலும் சேர்வது யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறதே, அது இதனால்தான். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. மலிவு வீட்டின் சிறிய அறையில் பிள்ளைகள் படுக்கும் கட்டிலும் அலமாரியும் இந்தப் பலகையில் செய்தவையாக இருக்கலாம். வாங்கும்போது 'இ-1' தரமா என்று கேளுங்கள். ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளியாகும் பலகைக்கான ஐரோப்பியக் குறியீடு அது.

அப்படியானால் சோயாவுக்கே திரும்பலாமே? இங்கேதான் சிக்கல். புரதப் பசைக்கு ஈரம் ஆகாது. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கைசாங் லீ, அலை அடித்தாலும் பாறையை விடாத சிப்பியைப் பார்த்து யோசித்தார். அதன் ஒட்டும் பொருளும் புரதமே. சோயாவோடு, டிஷ்யூ தாள் நனைந்தாலும் கிழியாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பிசினைக் கலந்தார். 2005 வாக்கில் கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் அதில் ஒட்டுப்பலகை செய்யத் தொடங்கியது. அந்தப் பிசின் செடியிலிருந்து வந்ததல்ல. ஆகவே, 'நூற்றுக்கு நூறு மட்கும்' என்று யாராவது விற்க வந்தால் பசை என்னவென்று கேளுங்கள். தண்ணீரைத் தாங்க வேண்டும், மண்ணில் மட்கவும் வேண்டும் என்றால் சும்மாவா?

நம்மிடம் நாருக்குப் பஞ்சமில்லை. செம்பனை ஆலைக்குப் போகும் ஒரு டன் குலையில், பழம் உதிர்த்த வெறும் குலை மட்டும் சுமார் 220 கிலோ மிஞ்சுகிறது. மட்டையும், மறுநடவில் சாய்க்கும் அடிமரமும் தனி. குறைவது புரதம். சோயா புண்ணாக்கில் நூற்றுக்கு 44 பங்குக்கு மேல் புரதம் உண்டு. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கிலோ சுமார் 15 தான். அதுவும் எண்ணெய் பிழியும் சூட்டில் இறுகி, எளிதில் கரைய மறுக்கிறது. அதனால் கப்பலேறி நியூசிலாந்து மாடுகளுக்குத் தீவனமாகிறது.

அந்தப் புரதத்தைக் கெடாமல், கட்டுப்படியாகும் விலையில் பிரித்தெடுப்பது வேதியியல் வேலை. செம்பனை வாரியத்தின் ஆய்வுக்கூடம் பாங்கியில், நீலாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் அங்கே ஒருமுறை போய்ப் பார்க்கட்டுமே.