அடாப்டரை எடைக்குப் போட்டுடாதீங்க! ஒரு ஒயருக்காகத் தூங்கும் பழைய கேம் மெஷின்கள்

பாபநாசம் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் பொங்கலுக்குப் பரணை ஒழிக்கும்போது பாருங்கள். பித்தளை அண்டா, பாடாத ரேடியோ, அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய டி.வி கேம் இருக்கும். மரியோ, கான்ட்ரா, கேசட்டை வாயால் ஊதிச் செருகியது என 90ஸ் கிட்ஸுக்கு மலரும் நினைவுகள் நிறைய. (அப்படி ஊதியது தப்பு பாஸ். வாயின் ஈரம் கேசட்டின் பின்களை அரித்துவிடும்!) பையில் மெஷின் இருக்கும், இரண்டு ஜாய்ஸ்டிக்கும் இருக்கும். அடாப்டரும் டி.வி-க்குப் போகும் ஒயரும் மட்டும் காணாமல்போயிருக்கும்.

நமக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏமாற்றம். ஆனால், இதே ஒயர் பிரச்னை அந்த கேம்களை உருவாக்கிய கருவிகளுக்கும் இருக்கிறது. அங்கே தொலைவது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

விளையாடும் மெஷின் வேறு, உருவாக்கும் மெஷின் வேறு

நாம் கடையில் வாங்கும் பிளேஸ்டேஷனில் கேமை ஆட மட்டும்தான் முடியும். கேமை எழுதி, ஓட்டிப் பார்த்து, தப்பைத் திருத்த 'டெவலப்மென்ட் கிட்' என்ற தனி மெஷின் வேண்டும். பிஎஸ்2-க்கான கிட்டின் பெயர் 'டூல்'. பார்க்க டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் டவர்போல இருக்கும். வீட்டு பிஎஸ்2-வில் மெமரி 32 எம்பி என்றால், இதில் 128 எம்பி. உள்ளேயே லினக்ஸில் ஓடும் ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. கடையில் கிடைக்காது. ஒப்பந்தம் போட்ட கம்பெனிகளுக்கு மட்டுமே சோனி கொடுத்தது.

இந்தியாவிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 2009-ல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற கேமை பிஎஸ்2-வுக்காக உருவாக்கியது. அதே ஆண்டு, அதே ஊரின் கேம்சாஸ்த்ரா 'தேசி அட்டா'வைக் கொண்டுவந்தது. நம் தெருவில் ஆடும் கிட்டிப்புள், கபடி, பட்டம் விடுதல் எல்லாம் பிளேஸ்டேஷனில்!

வெளிவந்த கேம்களுக்கு டிஸ்க் இருக்கிறது. பாதியில் நின்றவை, சோதனைக்காக எழுதிப் பார்த்தவை? சாதாரண டிவிடி-யில் பதிந்த சோதனை வடிவத்தை வீட்டு பிஎஸ்2 அப்படியே ஏற்காது. அவற்றைத் திறக்க அந்தக் காலத்து கிட் ஓட வேண்டும். கிட் ஓட, அதன் ஒயர் வேண்டும்.

மெஷின் கிடைத்தாலும் ஒயர் கிடைக்காது

முதல் பிளேஸ்டேஷனின் டெவலப்மென்ட் கிட் ஒன்று (டிடிஎல்-ஹெச்2000), கம்ப்யூட்டருக்குள் செருகும் இரண்டு பெரிய கார்டுகளாக வந்தது. செருக 'ஐஎஸ்ஏ' என்ற பழைய வகை ஸ்லாட் வேண்டும். இன்றைய கம்ப்யூட்டர்களில் அது கிடையாது. ஜாய்ஸ்டிக்கைச் செருகத் தனிப் பெட்டி, அந்தப் பெட்டிக்குத் தனி ஒயர். அலுவலகம் காலி செய்யும்போது கார்டைப் பத்திரப்படுத்துவார்கள். ஒயர்? குப்பைக்கூடைக்குப் போகும்.

ரசிகர்களே கேம் எழுதட்டும் என்று சோனி 1996-ல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய கறுப்பு நிற 'நெட் யாரோஸே' இன்னொரு ரகம். அடுத்த வருடம் அமெரிக்காவுக்கு வந்தபோது விலை சுமார் 750 டாலர். அதில் மெமரி கார்டு இடத்தில் ஒரு 'ஆக்சஸ் கார்டு' செருகினால்தான் யாரோஸே வேலையே தொடங்கும். கம்ப்யூட்டரோடு பேச ஒரு சீரியல் கேபிளும் வேண்டும். கேபிளுக்காவது மாற்று உண்டு. சில நூறு ரூபாய்க்கு விற்கும் 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் போர்டை வைத்து, எந்தப் பின் எதற்கு என்று தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டை நேரடியாக இணைத்தால் வோல்டேஜ் தாங்காமல் மெஷின் போய்விடும். ஆக்சஸ் கார்டு தொலைந்தால் இப்படி எளிதான வழி கிடையாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் என்ன கிடைக்கும்?

கும்பகோணத்தில் இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்கினால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். அங்கே தேடுவதற்கு முன், கையில் இருப்பது எந்த ஜாதி ஒயர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒயர் என்றால் பழைய சாமான் கடையில் மாட்ட வாய்ப்புண்டு. உதாரணமாக, செகா டிரீம்காஸ்ட்டின் கிட், கம்ப்யூட்டரோடு 'ஸ்கஸி' கேபிளில் இணையும். அந்தக் காலத்து ஸ்கேனர்களும் சர்வர்களும் பயன்படுத்திய அதே வகை. ஆனால், ஸ்கஸியிலேயே 25 பின், 50 பின், 68 பின் என்று ரகங்கள் உண்டு. போட்டோ எடுக்காமல் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

கம்பெனி தனக்கென்று செய்த ஒயர் என்றால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே கிட் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கேட்டு, மல்டிமீட்டரால் பின் பின்னாகத் தொடர்பு பார்த்து, வரைந்துவந்து புதிதாகச் செய்ய வேண்டும். உலகம் முழுக்க ஆர்வலர்கள் செய்வது இதைத்தான்.

ஸ்பேர் பார்ட்ஸுக்கு அலைவது டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. அறுவடை நேரத்தில் மெஷினுக்கு ஒரு பெல்ட் கிடைக்காமல் வயலில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக மத்திய அரசு 2022-ல் குழு அமைத்தபோது விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. கேம் கருவிகளுக்கு அதில் தனி இடமில்லை.

பரணில் இருப்பதை என்ன செய்யலாம்?

மீண்டும் நம் வீட்டு டி.வி கேமுக்கு வருவோம். கையில் கிடைத்த அடாப்டரைச் செருகிப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்குங்கள். பிளக் பொருந்தினால் போதாது. வோல்ட் சரியா, பிளக்கின் நடுவில் வருவது பிளஸ்ஸா மைனஸா என்று பார்க்க வேண்டும். செகா மெகா டிரைவ் ஒன்றே போதும் உதாரணத்துக்கு. 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்ற மெஷின் அது. அதன் முதல் மாடலுக்கு நடுவில் மைனஸ், இரண்டாவது மாடலுக்கு நடுவில் பிளஸ். மெஷினின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இந்த விவரம் இருக்கும். லோக்கல் மெஷினில் ஸ்டிக்கர் இல்லையென்றால், ஊரில் சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் டி.வி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார். பல மெஷின்களின் உள்ளே இருப்பது 7805 என்ற சாதாரண ரெகுலேட்டர்தான். அது போயிருந்தால் பத்து இருபது ரூபாயில் மாற்றிவிடலாம். உப்பியோ கசிந்தோ இருக்கும் கெப்பாசிட்டர்களையும் அதே கையோடு மாற்றச் சொல்லுங்கள்.

புது டி.வி-யில் மூன்று கலர் ஏவி பின் இல்லையா? ஏவி-யை ஹெச்டிஎம்ஐ-யாக மாற்றும் சின்னப் பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது.

ஒருவேளை, உங்கள் வீட்டில் யாராவது அந்தக் கால கேம் கம்பெனியில் வேலை பார்த்து, டவர்போல ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். பல கிட்கள் இரவலாகவே கொடுக்கப்பட்டவை. யாருக்குச் சொந்தம் என்று பழைய ஒப்பந்தத்தைப் பார்த்துவிடுங்கள். அதுவரை, கூட இருக்கும் ஒயர், கார்டு, டிஸ்க் எதையும் பிரிக்காமல், பெட்டியின் மாடல் நம்பரை எழுதி ஒயரில் ஒட்டி, ஒரே பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.