இரவில் விளக்கெரியும் சாமந்தித் தோட்டம்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரவில் பயணம் செய்கிறவர்கள் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் ஒரு தோட்டம் மட்டும் திருவிழாப் பந்தல்போல் ஜொலிக்கும். கம்பு நட்டு, ஒயர் இழுத்து, வரிசையாகப் பல்பு தொங்கவிட்டிருப்பார்கள். கீழே முழங்கால் உயரத்தில் சாமந்தி. பூச்சிக்கு வைத்த விளக்குப் பொறி என்றோ, திருட்டுக்குப் பயந்து போட்ட வெளிச்சம் என்றோ புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இரண்டும் இல்லை. செடி இப்போதைக்குப் பூத்துவிடக் கூடாது என்பதற்காக எரிகிற விளக்கு அது.

சாமந்தி குறும்பகல் பயிர். பகல் சுருங்கி இரவு நீண்டால் மொட்டு கட்டும். பகல் ஏறக்குறைய 13½ மணி நேரத்துக்கு மேல் நீண்டிருந்தால் பெரும்பாலான ரகங்கள் மொட்டை ஒழுங்காக வளர்க்காமல் இலையும் தண்டுமாகவே போகும். ஐரோப்பாவில் கோடையில் 16 மணி நேரம் பகல் இருப்பதால் அங்கே செடி தானாகவே வளர்ந்துகொள்கிறது. நம் ஊர்க் கணக்கு வேறு. ஓசூர் அட்சரேகையில் ஜூன் மாதத்து மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. டிசம்பரில் அது பதினொன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும். ஆக, சாமந்தியின் பார்வையில் நமக்கு ஆண்டு முழுவதும் பூக்கும் பருவம்தான். ஜூன், ஜூலையில் நட்டால் வளர ஓரளவு அவகாசம் கிடைக்கும். அக்டோபருக்குப் பின் நட்ட நாற்றோ ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். நாலு கிளை, பத்துப் பூ, அதோடு சரி. கொய்மலருக்கு நீண்ட தண்டு வேண்டும், உதிரிப்பூவுக்கு நிறையக் கிளை வேண்டும். இரண்டுக்கும் செடியை ஏமாற்றியாக வேண்டும்.

ஏமாற்றும் வழி 1920-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய கார்னர், அல்லார்ட் என்ற இருவர், ஒரு புகையிலை ரகம் கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காததன் காரணத்தைத் தேடினார்கள். உரம், ஈரம், வெப்பம் எதுவும் காரணமில்லை. பகலின் நீளம்தான் காரணம் என்று கண்டார்கள். பின்னால் வந்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, விடாமல் தொடரும் இருட்டை. நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால், அந்த இரவைச் செடி இரண்டு குட்டி இரவுகளாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. இலையில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த வேலையைச் செய்கிறது. அதை அதிகம் தூண்டுவது சிவப்பு ஒளி.

இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்கு எரிய விடும் பழக்கம் இதிலிருந்து வந்ததுதான். மாலையில் பொழுது சாய்ந்ததும் போட்டு ஏழு எட்டு மணிக்கு நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. கரண்டும் செலவாகி, பலனும் பாதிதான் கிடைக்கும். நள்ளிரவை ஒட்டிய வெளிச்சமே சிக்கனம்.

எத்தனை வெளிச்சம் வேண்டும்? செடியின் தலைமட்டத்தில் 100 லக்ஸ் இருந்தால் பொதுவாகப் போதும். நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இந்த வெளிச்சம் செடிக்குச் சாப்பாடு போடுவதில்லை, தகவல் மட்டும் சொல்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், விளக்கு விற்க வருகிறவர்களின் பேச்சில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

பத்தடிக்குப் பத்தடி ஒரு பல்பு என்று வைத்தால் ஏக்கருக்கு 435 பல்பு. 9 வாட் எல்.இ.டி. என்றால் மொத்தம் 3.9 கிலோவாட், நாலு மணி நேரத்துக்குச் சுமார் 16 யூனிட். இதே இடத்தில் பழைய 60 வாட் குண்டு பல்பு என்றால் இரவொன்றுக்கு 104 யூனிட். எல்.இ.டி. வந்த பிறகு இந்த முறை சின்ன விவசாயிகளுக்கும் எட்டியதன் காரணம் இதுதான். செடிக்கு மேலே ஐந்து, ஆறடி உயரத்தில் பல்பு இருக்கட்டும். நாலு பல்புக்கு நடுவே உள்ள இருண்ட இடத்தில் லக்ஸ் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். அங்கே குறைந்தால் இடைவெளியை நெருக்குங்கள், அல்லது வாட்டைக் கூட்டுங்கள். செல்போன் செயலியில் வரும் அளவு உத்தேசமானது, ஒன்றுமில்லாததற்கு அது மேல். வெள்ளை பல்பில் மஞ்சள் சாயலுள்ள ‘வார்ம் ஒயிட்’ வாங்குவது நல்லது. அதில் சிவப்புப் பங்கு அதிகம். ஊதா நிறத்தில் எரியும் விலையுயர்ந்த விளக்கு இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் விட்டுவிட்டு எரிக்கலாம். ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் 6 நிமிடம் வெளிச்சம், 24 நிமிடம் இருட்டு. நாலு மணி நேரமும் இப்படிப் போனாலும் சாமந்தி அதை விடாத வெளிச்சமாகவே எடுத்துக்கொள்கிறது. வயலை ஐந்து பாத்தியாகப் பிரித்து, டைமர் வைத்து, முறை போட்டு ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம் கொடுத்தால், எந்த நேரத்திலும் எரிவது ஐந்தில் ஒரு பங்கு. ஏக்கருக்கு 800 வாட், இரவுக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல். இன்வெர்ட்டரே தாங்கும். சி.எஃப்.எல். பல்புக்கு இது ஒத்துவராது. அடிக்கடி போட்டு அணைத்தால் சீக்கிரம் போய்விடும். முதல் தடவை வயலின் ஒரு மூலையில் மட்டும் செய்து பார்த்துவிட்டு முழுவதற்கும் போவது விவேகம்.

நட்ட நாள் முதலே விளக்கு ஆரம்பமாக வேண்டும். நுனி கிள்ளி, பக்கக் கிளைகள் நன்றாக நீளும் வரை, ரகத்தைப் பொறுத்து நாலு முதல் ஆறு வாரம் எரியட்டும். நாற்றுக்குக் கொழுந்து எடுக்கும் தாய்ச்செடிகளுக்கு ஆண்டு முழுவதும் விளக்கு வேண்டும். மொட்டு வைத்த தாய்ச்செடியில் எடுத்த நாற்று தேறாது. விளக்கை நிறுத்திய நாளே பூவுக்குத் தேதி குறித்த நாள். ரகத்துக்கு ரகம் எட்டு முதல் பத்து வாரம் ஆகும். உங்கள் ரகம் ஒன்பது வாரம் எடுக்கிறது என்றால், அக்டோபர் 10 அன்று ஆயுத பூஜைச் சந்தையில் பூ இருக்க ஆகஸ்ட் முதல் வாரத்தில் விளக்கை அணைத்திருக்க வேண்டும். ஏப்ரல், மே வெக்கையில் இந்தக் கணக்கு தள்ளிப்போகும். அதிக வெப்பம் மொட்டைத் தாமதப்படுத்தும். ஒரே ஊரில் எல்லோரும் ஒரே நாளில் விளக்கை அணைத்தால் எல்லோர் பூவும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வந்து விலை படுத்துவிடும். வயலை மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் அணைக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு பாத்தியாவது நல்ல விலையைப் பிடிக்கும்.

கரண்டு போனால்? ஓரிரவு போனால் பயப்பட வேண்டாம். தொடர்ந்து பல இரவுகள் இருட்டானால் மொட்டு கட்ட ஆரம்பித்துவிடும், பிறகு விளக்கு போட்டாலும் செடி பழையபடி திரும்பாது. அணைத்த பிறகு வரும் பிரச்சினை நேர் எதிர். பம்புசெட் கொட்டகை பல்போ தெருவிளக்கோ விடிய விடிய எரிந்தால், அந்த வெளிச்சம் படும் வரிசை மட்டும் பச்சையாகவே நிற்கும். தெருவிளக்கடியில் பருவம் பார்க்கும் பாரம்பரிய நெல் ரகங்கள் கதிர் வாங்காமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உங்கள் சாமந்தி விளக்கு பக்கத்து வயல் நெல்லின் மேல் அடித்தால் அவருக்கும் அதே கதிதான். ஓரப் பல்புகளுக்கு உள்பக்கம் பார்த்து மூடி போடுவது அக்கம்பக்கத்து உறவுக்கும் நல்லது.

மறக்கக் கூடாத விஷயம் ஒயர். ஈர வயல், பனி இறங்கும் நேரம், தலைக்கு மேலே மின்சாரம். வேலியில் ஒட்டுப்போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி இழுத்த ஒயருக்குக் கீழே பெண்கள் குனிந்து களை எடுக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள கசிவு மின் ட்ரிப்பர் (ஆர்.சி.சி.பி.) இல்லாமல் ஒரு பல்புகூடப் போடக் கூடாது. நல்ல எர்த், மழைத் தண்ணீர் இறங்காத ஹோல்டர், ஒட்டு இல்லாத ஒயர் ஆகியவையும் வேண்டும். பகலில் வயலில் ஆள் இறங்குமுன் மெயினையே அணைத்துவிட வேண்டும். டைமரை நம்பக் கூடாது. மருந்தடிக்கும்போதும் அப்படியே. இன்னொன்று, உங்கள் விவசாய இணைப்பு இத்தனை குதிரைத்திறன் மோட்டாருக்கு என்று அனுமதிக்கப்பட்டது. அதில் கூடுதலாக விளக்குச் சுமை ஏற்றுவதற்கு முன், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதியையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அபராதம் வந்த பிறகு ஓடுவதைவிட அது சுலபம்.

“வீட்டுக்குள்ளேயே விளக்கு வெளிச்சத்தில் கீரை, லெட்யூஸ் வளர்த்து லட்சங்கள் சம்பாதிக்கலாம் என்கிறார்களே?” என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. இங்கே வெளிச்சம் தகவல் சொல்ல அல்ல, சாப்பாடு போட. லெட்யூஸுக்கு 200 மைக்ரோமோல் வெளிச்சத்தை 16 மணி நேரம் கொடுக்க, நல்ல தரமான எல்.இ.டி. விளக்கும் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் இழுக்கும். சதுர மீட்டருக்கு 25 செடி, 30 நாள் என்றால் செடிக்கு ஒன்றரை யூனிட். ஏ.சி., பம்பு, ஆள்கூலி எல்லாம் தனி. ஏக்கர் கணக்கில் பார்த்தால் சாமந்திக்கு இரவொன்றுக்கு 16 யூனிட் என்றது இங்கே நாளொன்றுக்கு 5,000 யூனிட்டுக்கு மேல் போகிறது. டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடப் பகல் இல்லாத நெதர்லாந்தில் பசுமைக்குடிலுக்குள் விளக்கு போடுவதற்கு நியாயம் இருக்கிறது. அங்கேயே 2022-ல் எரிசக்தி விலை ஏறியபோது பலர் விளக்கைக் குறைத்தார்கள், அணைத்தார்கள். நாமோ பசுமைக்குடிலில் வெயில் அதிகம் என்று நிழல்வலை கட்டுகிறவர்கள். வாழைத் திசுவளர்ப்புக் கூடம், நாற்று உற்பத்தி, நகரத்தில் நல்ல விலைக்குப் போகும் மைக்ரோகிரீன் போன்றவற்றுக்குக் கணக்கு கட்டுப்படியாகலாம். கிலோ இருபது, முப்பது ரூபாய்க்கு விற்கும் கீரைக்கு ஆகாது.

டிராகன் பழம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நீள்பகல் பயிர். சாமந்தியில் பூவைத் தடுக்கும் அதே நள்ளிரவு விளக்கு, டிராகனில் பூவை வரவழைக்கும். வியட்நாமில் முன்பு பின் துவான் மாகாணமாக இருந்த பகுதியில் பகல் குறுகிய மாதங்களில் இரவு விளக்கு போட்டுத்தான் பருவமில்லாப் பருவத்தில் காய் எடுக்கிறார்கள். இரண்டு பயிரும் அடுத்தடுத்து வைத்திருந்தால் விளக்குக்கு நடுவே ஒரு மறைப்புத் தட்டி கட்டிவிடுங்கள்.